தூத்துக்குடி முதல் குளச்சல் வரை: ஐந்து நாள், மூன்று காலண்டர்

பிப்ரவரி 16, திங்கள் – கிளம்பும் முன்

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, முட்டம், குளச்சல். எல்லாம் சேர்த்து இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிற கரை. காரை மிதித்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஐந்து நாள் ஒதுக்கியும் பற்றவில்லை.

மாதம் தேர்வு செய்வது எளிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டம் இரண்டு கரையிலும் கால் வைத்திருப்பதால் அங்கே கிழக்குப் பக்கத்துக்கு ஒரு தடை, மேற்குப் பக்கத்துக்கு இன்னொரு தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும். விலையும் ஏறிக் கிடக்கும். ஜூன், ஜூலையில் காற்று வேறு மணலை வாரி முகத்தில் அடிக்கும். மிஞ்சுவது ஜனவரிப் பாதியிலிருந்து மார்ச் கடைசி வரை.

மாதத்தைச் சரியாகப் பிடித்தோம், வாரத்தைக் கோட்டை விட்டோம். 17ஆம் தேதி அமாவாசை. 18 சாம்பல் புதன், அதாவது தவக்காலத்தின் முதல் நாள். அதே புதன் மாலை ரமலான் பிறை பார்க்கும் நாள். இந்தக் கரையில் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் அரை மணி நேர இடைவெளியில் வரும். சாப்பாடு, கூட்டம், படகு, மீன் விலை எல்லாமே இந்த மூன்று காலண்டரைப் பார்த்துத்தான் நடக்கின்றன. இதை ஊரில் உட்கார்ந்து யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தோம்: திங்கட்கிழமை போய் இறங்கவில்லை. கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். ஆகவே திங்கள் காலை சந்தையில் இருப்பது பெரும்பாலும் சனிக்கிழமை மீன்.

பிப்ரவரி 17, செவ்வாய் – தூத்துக்குடி

இங்கே விசைப்படகுகள் அதிகாலையில் போய் அன்றிரவே திரும்பும். அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் இரவில்தான் சூடுபிடிக்கும். பகலில் பார்க்க வேண்டுமென்றால் திரேஸ்புரம். அங்கே நாட்டுப்படகு மீன் வந்து இறங்கும். அளவில் குறைவு, தரத்தில் ஒரு படி மேல்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்னையில் ‘ஷீலா’ என்பது நீளமான, கூர்மூக்கு மீன், விலையும் அதிகமில்லை. தூத்துக்குடியில் ‘சீலா’ என்றால் வஞ்சிரம். அந்தக் கூர்மூக்குக்காரனுக்கு இங்கே ஊளி என்று பெயர். கன்னியாகுமரிக்குப் போனால் அதே வஞ்சிரம் நெய்மீன் ஆகிவிடும். இது தெரியாமல் உணவகத்தில் "சீலா வறுவல் நாலு" என்று சொன்னால் பில் வரும்போது தெரியும். அன்று காலை கரையில் சீலா கிலோ ஆயிரத்து நூறு, விளமீன் ஐந்நூறு, ஊளி நானூறு. செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்புகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஐஸில் கிடந்த மீனுக்குக் கண் குழிந்திருக்கும்.

குளிக்க நல்ல கடல் இதுதான். மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறையும் இருப்பதால் அலை கரைக்கு வருமுன்பே உடைந்து அடங்கிவிடுகிறது. முயல் தீவுப் பக்கம் சிறு பிள்ளைகளை இடுப்பளவு நீரில் விடலாம். குமரிப் பக்கம் இந்த தைரியம் கூடவே கூடாது. அது ஐந்தாம் நாள் கதை.

பனிமய மாதா பேராலயம் 1713இல் கட்டியது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்தப் பதினொரு நாளும் அறை கிடைக்காது.

மக்ரூன் வாங்காமல் தூத்துக்குடியை விட்டுக் கிளம்ப முடியாது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள், அவ்வளவுதான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நேரமெடுத்து உலர்த்துவார்கள். நல்லது வாயில் போட்டதும் மேல் ஓடு நொறுங்கி, அடியில் முந்திரி மட்டும் சற்றுப் பல்லில் ஒட்டும். கிலோ ஆயிரம் ரூபாய். அதைவிட மிகக் குறைவாகச் சொன்னால் முந்திரி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. கடைக்கார அம்மா பொட்டலம் கட்டும்போதே சொன்னார்: "டின்னுல போட்டு இறுக மூடிருங்க தம்பி. உப்புக்காத்து பட்டுச்சுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்." டின் எங்கே இருக்கிறது கையில்? தலையாட்டிவிட்டு வந்தோம்.

இரவு பரோட்டா. இந்த ஊரில் இரவுப் பரோட்டாக் கடைக்கு ‘நைட் கிளப்’ என்று பெயர். பெயரைக் கேட்டு வேறு எதையும் கற்பனை செய்ய வேண்டாம். தட்டையான பெரிய கல்லின் நடுவே எண்ணெய் தேங்கியிருக்கும். பரோட்டாவை முதலில் ஓரத்தில் சுட்டு, பிறகு நடுவே தள்ளிப் பொரிய விட்டு, ஐந்தாறை ஒன்றாக அடுக்கி இரண்டு பக்கமும் தட்டி எடுப்பார்கள். பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, அது ஊறுமுன் சாப்பிட்டுவிட வேண்டும். ஒன்று பதினைந்து ரூபாய். அமாவாசையாதலால் பாதி ஊர் கறி சாப்பிடவில்லை. மறுநாள் தவக்காலம் என்பதால் மீதிப் பாதி ஊர் அன்றிரவே கடையில். இடம் கிடைக்க முக்கால் மணி நேரம். "நாளையிலிருந்து பாருங்க அண்ணாச்சி, காத்தாடும்" என்றார் கல்லில் நின்றவர்.

பிப்ரவரி 18, புதன் – உப்பளம், காயல்பட்டினம், திருச்செந்தூர்

முள்ளக்காடு தாண்டியதும் திருச்செந்தூர் சாலையின் இருபுறமும் உப்பளம். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். ஒன்பதுக்கு மேல் வெள்ளைப் பாத்தியிலிருந்து எழும்பும் ஒளியில் கண்ணைத் திறக்க முடியாது. தொழிலாளர்கள் விடியுமுன்பே வந்து வேலையில் பாதியை முடித்திருப்பார்கள்.

கடல்நீரோ, ஆழ்குழாயில் எடுத்த நிலத்தடி உப்புநீரோ, பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் கெட்டியாகிறது. நீரின் உப்படர்த்தியை ‘டிகிரி’யில் சொல்கிறார்கள், இது சூடு இல்லை. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. கண்ணாடிக் குழாய் ஒன்றை நீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்கள். ஏறும் வழியில் முதலில் ஜிப்சம் அடியில் படிகிறது. 24, 25 டிகிரி வந்ததும் நீரைக் கடைசிப் பாத்திக்கு விடுகிறார்கள். உப்பு பூப்பது அங்கேதான். 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கி உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். அதனால் அதற்குமுன் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். மழைக்குப் பின் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி இப்போதுதான் முதல் உப்பு வாருகிறார்கள். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் இழுக்கும்போது கண்ணாடித் தூளை வாருவது போல ஒரு சத்தம்.

வரப்பில் மட்டும் நடக்கவும். படம் எடுக்கும் ஆர்வத்தில் பாத்திக்குள் ஒரு கால் வைத்தால் அடிச்சேறு கிளம்பி அந்தப் பாத்தி உப்பே கறுத்துவிடும். ஒருவருடைய பல நாள் உழைப்பு. கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண்மணி மட்டும், "காலை எடுக்காதீங்க, முகத்தை எடுங்க" என்றார். பாதம் முழுக்க வெடிப்பு. உப்புநீரில் நிற்கிற கால்.

காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்குப் பின்புறம் ஒடுங்கிய சந்துகள் இருக்கின்றன, முடுக்கு என்பார்கள். வெளியூர் ஆண்கள் அதற்குள் கேமராவோடு நுழைவது அவ்வளவு நாகரிகமில்லை. தெரியாமல் திரும்பியவர்களை ஒரு பெரியவர் கோபமே இல்லாமல், "தம்பி, இந்தப் பக்கம் வாங்க" என்று முதன்மைத் தெருவுக்குக் கொண்டுவந்து விட்டார். தம்மடை வாங்கினோம். ரவை, முட்டை, நெய், சீனி சேர்த்துத் தம் போட்டுச் செய்வது; கேக்கைவிடக் கனம், அல்வாவைவிட உதிரி. மாலை பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. அதன்பின் ஒரு மாதம் பகலில் இங்கே சாப்பாடு தேட வேண்டாம். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பின் வந்தால் நோன்புக் கஞ்சி கிடைக்கும். அதற்காகவே பயணத்தை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

திருச்செந்தூரில் கடலைக் காணோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இங்கே உள்வாங்குவது வழக்கம். தண்ணீர் பல அடி பின்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பிள்ளைகள் எல்லாம் அதன்மேல் ஏறி நின்று செல்ஃபி. செய்யக்கூடாத காரியம்: பாசியில் வழுக்கும், பாறை விளிம்பு கத்தி மாதிரி, இடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும். நீர் திரும்பி ஏறும்போது அலை சொல்லிக்கொண்டு வராது. கோயிலுக்கு எதிரே கடலரிப்பில் மணல் போய்ப் படிபோல் இறக்கம் விழுந்திருக்கிறது. இருட்டில் இறங்க வேண்டாம். சொறிமீன் பட்டால் கடல்நீராலேயே கழுவ வேண்டும். மணலைப் போட்டுத் தேய்த்தாலோ நல்ல தண்ணீர் விட்டாலோ எரிச்சல் கூடும்.

கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணறு. படியிறங்கிப் போனால் கிணற்றுக்குள் சிறு கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத ஊற்று. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். விபூதியைப் பன்னீர் இலையில் மடித்துத் தருவார்கள். சட்டைப் பையில் போட்டால் நொறுங்கிவிடும், புத்தகத்துக்குள் வைக்கவும்.

பிப்ரவரி 19, வியாழன் – உடன்குடி, மணப்பாடு, உவரி

பதநீர் இப்போதுதான் இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில்தான் தாராளம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. சுண்ணாம்பு கூடினால் நாக்கில் கரகரப்பு, குறைந்தால் லேசான புளிப்பு. காலை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். ஒரு பட்டை முப்பது ரூபாய். ஓலைப் பட்டையில் குடித்தால்தான் அந்த வாசம்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, போலியும் இருக்கிறது. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் தேறும். விறகு, ஏறுகூலி எல்லாம் சேர்த்தால் அது மலிவாக இருக்க வழியே இல்லை. சாலையோரம் கிலோ இருநூற்றைம்பது, காய்ச்சுகிற இடத்தில் நானூற்றைம்பது. இரண்டையும் உடைத்துப் பார்த்தோம். சாலையோரத்தது உடைந்த முகத்தில் மினுமினுவென்று சீனிப் பரல், கல் மாதிரி கெட்டி. மற்றது மங்கலான கருஞ்சிவப்பு, நகம் பட்டால் பதிகிறது, நாக்கில் வைத்தால் இனிப்போடு ஒரு சிறு உவர்ப்பு. அந்த உவர்ப்புதான் அடையாளம்.

மணப்பாடு இந்தப் பயணத்தின் உச்சம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே பாறைக்குகை. புனித சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லும் குகை. செப்டம்பர் 14 திருவிழா. குன்றின் வடக்கே கருமேனி ஆற்றின் கழிமுகம், கண்ணாடி போல அசையாத நீர். தெற்கே இறங்கினால் சீறும் கடல். இரண்டுக்கும் நடுவே நடந்து ஐந்து நிமிடம். குளிக்க வடக்குப் பக்கம் மட்டும். முனையில் அலை சாய்வாக வந்து உடைவதால் அலைச்சறுக்குக்காரர்களுக்கு இது பிடித்த இடம், நீச்சல்காரர்களுக்கு ஆகாத இடம். தெருக்களில் பெரிய பெரிய பழைய வீடுகள், பாதி பூட்டிக் கிடக்கின்றன. சாம்பல் புதனுக்கு மறுநாள் என்பதால் ஊர் அமைதியாக இருந்தது. ஒரே ஒரு கடையில் மதியச் சாப்பாடு, சாளைக் குழம்பு, எழுபது ரூபாய், கேட்காமலேயே இரண்டாம் முறை குழம்பு. தங்க இடம் தேடுவதானால் திருச்செந்தூரிலேயே அறை போட்டுவிட்டு வருவது நல்லது, 18 கிலோமீட்டர்தான்.

உவரியில் அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். வியாழன் காலியாக இருந்தது. கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அதே கரையில்தான். மாலை நான்கு மணிக்குக் கரையில் வெயில் தாங்கவில்லை. நிழல் என்று இருப்பது கவிழ்த்து வைத்த வள்ளத்தின் பக்கவாட்டு மட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி – கன்னியாகுமரி

சூரியன் 6.38க்கு. கிழக்கு முனையில் ஐந்தரைக்கே ஆயிரம் பேர். அக்டோபர் பாதி முதல் மார்ச் பாதி வரை உதயம், அஸ்தமனம் இரண்டையும் இங்கே கடலிலேயே பார்க்கலாம். மற்ற மாதங்களில் வருகிறவர்கள் மாலையில் மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். அஸ்தமனத்துக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஆட்டோ நூறு கேட்பார்கள், நடந்தே போகலாம்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு எட்டு மணிக்கு. வரிசையில் ஏழேகாலுக்கே நின்றாயிற்று. ஒன்பது ஆனது, ஒன்பதரை ஆனது. கடல் நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுபடி அதே அமாவாசை! நீர் இறங்கினால் பாறையின் படகுத்துறையில் படகின் அடி தட்டும் அபாயம். முன்பு இந்த நாட்களில் வள்ளுவர் சிலைக்கு மட்டும் படகை நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் 30 முதல் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருப்பதால் விவேகானந்தர் பாறையில் இறங்கிவிட்டால் போதும், அங்கிருந்து நடந்து போகலாம். ஆனால் முதல் பாறைக்கே படகு போகாத காலைக்குப் பாலம் என்ன செய்யும்? பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. வரிசையில் முன்னால் நின்ற வடநாட்டுக் குடும்பம் தங்கள் தேப்லாவை (மசாலா ரொட்டி) பின்னால் எல்லோருக்கும் கொடுத்தது. பதிலுக்கு நம் கருப்பட்டி போனது. அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் தவிர்த்தால் இந்தத் தொல்லை குறையும். தவிர்க்க முடியாதவர்கள் காலையை விட்டுவிட்டு மதியம் முயலவும்.

வள்ளுவர் 133 அடி: பீடம் 38, சிலை 95. கண்ணாடித் தரையில் உச்சி வெயிலில் செருப்பில்லாத கால் சுடும். காலுறை கொண்டுபோகவும்.

‘ஏழு நிற மணல்’ பொட்டலம் இருபது ரூபாய்க்கு விற்கிறார்கள். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். கரையில் குனிந்து பார்த்தாலே அலை இழுத்துவிட்ட கோட்டில் இரண்டும் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கின்றன. கனமான கனிமம் பின்தங்கி, லேசான வெண்மணலை அலை கொண்டுபோய்விடுகிறது.

தவக்காலத்தின் முதல் வெள்ளி, கறி கிடையாது, எல்லோருக்கும் மீன். செவ்வாயன்று ஆயிரத்து நூறுக்குப் பார்த்த வஞ்சிரம் இங்கே நெய்மீன் என்ற பெயரில் ஆயிரத்து நானூறு. அயிலையும் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கும் போதும் என்று முடிவாயிற்று. கிழங்கைக் குழைய விடாமல் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் காந்தாரி மிளகாயும் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து, மேலே புளி தூக்கலான மீன்கறி. தொண்ணூறு ரூபாய். பிறகு இரண்டு மட்டிப்பழம். விரல் நீளம்தான், மணம் அறை முழுக்க நிற்கும்.

பிப்ரவரி 21, சனி – முட்டம், குளச்சல்

குமரியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் கடல் வேறு. தீவு இல்லை, பவளப்பாறை இல்லை; இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிய அலை தடையில்லாமல் வந்து சேர்கிறது. கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று நீர் ஏறி இழுத்துப் போகும். கள்ளக்கடல் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படித்தான். எச்சரிக்கை அமலில் இருந்த நாள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. குளிக்கத் திட்டமிடும் நாளில் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டுப் போவது இரண்டு நிமிட வேலை. அதோடு உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்காத இடத்தில் இறங்காமலிருப்பது. சொத்தவிளையில் நீளமான மணல், நடக்க நல்லது. முட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்து பார்க்கலாம். ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அங்கே வரை வந்திருக்கிறது என்று பொருள், அதைவிட உயரத்தில் உலர்ந்த பாறையில் உட்காரவும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு மூன்று மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும், திங்கள் விடுமுறை. எங்களுக்கு நேரமில்லாமல் போனது.

குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவுத்தூண் கரையோரம் நிற்கிறது. பக்கத்திலேயே வலை காய்கிறது. சனிக்கிழமை மாலை, மறுநாள் ஓய்வு. வந்த மீனை எல்லாம் அன்றே தள்ளிவிட வேண்டிய அவசரம். நேற்று நாற்பது ரூபாய் குறைக்க மறுத்தவர்கள் இருக்கிற இதே மாவட்டத்தில் ஒரு கூறு நெத்திலியை நூறுக்குக் கொடுத்து, "இன்னா, இதையும் வச்சுக்க மக்கா" என்று ஒரு கை சாளையையும் அள்ளிப் போட்டார் ஒரு பாட்டி. சமைக்க வழியில்லை என்று சொன்னதற்கு, இதைக்கூட யோசிக்காமலா வந்தீர்கள் என்பது போல ஒரு பார்வை. மீன், பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போனது; பொரித்துத் தந்தார்கள், பாதி அவர்களுக்கு.

அதே கடையில் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கூம்பு எதுவும் தனியாக இல்லை. ஐந்து நாள் உப்புக்காற்றில் எல்லாம் ஒட்டி ஒரே கட்டி. கரண்டியால் குத்திப் பெயர்த்து, ஆளுக்கொரு துண்டாகத் தேநீரில் போட்டுக் கரைத்துக் குடித்தோம். கடைக்காரர் எங்களிடம் சீனிக்குக் காசு பிடிக்கவில்லை.